பின்வருவோர்க்கு ஒரு புல்முடிச்சு

முதுகலை வகுப்பில் மலைபடுகடாம் நடத்தத் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறோம்: இந்த நூல் நம் மாவட்டத்து நூல். பாட்டுடைத் தலைவனாகிய நன்னனின் செங்கண்மா என்பது இன்றைய செங்கம். திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் ஏறி மேற்கே போனால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாக வைக்கப்பட்டிருக்கும் 583 அடிகளின் களம் நாம் அன்றாடம் புழங்கும் நிலம்தான் என்று அறிந்ததும் கடைசி வரிசை மாணவர்கள்கூடச் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

கூத்தராற்றுப்படை என்று இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்படும் வறிய கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். ஆற்றுப்படைகள் அனைத்தும் வழி சொல்பவைதாம். எனினும் பெருங்கௌசிகனார் சொல்லும் வழியில் கற்பனையைவிடக் கால்கள் அதிகம். தினைப்புனத்தருகே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்து நட. பாறை வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள். யானையை விரட்ட எறியும் கவண்கல் உன்மேல் விழலாம், மரத்தின் பின்னே ஒதுங்கிக்கொள். இப்படிச் சொல்லிக்கொண்டே வரும் கூத்தன், வழிகள் பிரியும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறான். அந்தக் கவர்த்த இடத்தைத் துடைத்துச் சீராக்கி, புல்லை முடிந்து அடையாளமாக இட்டுவிட்டுப் போங்கள் என்கிறான். முன்னே போகிறவர்களுக்கு அந்த முடிச்சால் எந்தப் பயனும் இல்லை. பின்னால் வருபவர்கள் வழி தவறக்கூடாது என்பதற்காக மட்டுமே அது.

பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்த இடத்தைப் பாடமாக நடத்தியபோது நாங்கள் அதை ஒரு பண்பாட்டுக் குறிப்பாகவே கடந்து சென்றிருக்கிறோம். மலைக்குப் போய்க் கடப்பாரை பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அதில் இரண்டு வேலைகள் சொல்லப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. முதல் வேலை துடைத்தல், இரண்டாவது முடிதல். பாதையைப் பேணும் தொழில் முழுவதையும் இந்த இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிடலாம்.

*

வழியைப் பற்றிய இத்தகைய அக்கறை இந்த வட்டாரத்தில் கல்லிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவற்றாவளம் என்னும் ஊர் இருபத்தொன்பது காதத் தொலைவில் இருப்பதாக எழுத்தில் சொல்கிறது. எழுத்தறியாதவர் அந்த வழியில் வந்தால் என்ன செய்வது என்றும் கல் நட்டவர் யோசித்திருக்கிறார். அதே கல்லில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று என்பது கணக்கு. விரலால் தடவியே தொலைவைத் தெரிந்துகொண்டு மேலே நடக்கலாம்.

இது தமிழர்க்கு மட்டும் உரிய குணம் என்று பெருமை பேசுவதற்கில்லை. ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோ நகரை நோக்கிச் செல்லும் பழைய யாத்திரை வழி மறதிக்குள் போய்க்கொண்டிருந்த காலத்தில், எலியாஸ் வாலீஞா என்ற சிற்றூர்ப் பாதிரியார், சாலைக்குப் பூசி மிஞ்சிய மஞ்சள் வண்ணத்தைக் கேட்டு வாங்கி, 1984-ஆம் ஆண்டில் மரங்களிலும் சுவர்களிலும் அம்புக்குறிகளை வரைந்துகொண்டே போனார். இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அந்த மஞ்சள் அம்புகளின் வழியே நடக்கிறார்கள். அமெரிக்காவில் 1921-இல் பெண்டன் மெக்கே முன்மொழிந்து 1937-இல் முழுமை பெற்ற அப்பலாச்சியன் நெடும்பாதையின் நீளம் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். அதன் பராமரிப்பில் பெரும்பகுதியை இன்றும் அந்தந்த ஊர்த் தன்னார்வக் குழுக்களே பங்கிட்டுச் செய்கின்றன. கூலி கிடையாது. தனக்கென ஒதுக்கப்பட்ட சில மைல்களை ஒரு குழு தலைமுறையாகப் பார்த்துக்கொள்கிறது.

எங்கள் ஊரில் இருப்பது அவ்வளவு நீண்ட பாதையன்று. எனினும் சிறிய பாதைக்கும் சிக்கல்கள் சிறியவையாக இருப்பதில்லை.

*

வேங்கிக்கால், திருவண்ணாமலைக்கு வடக்கே வேலூர்ச் சாலையில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே வந்த பிறகு ஏரியும் வயலுமாக இருந்த ஊர், அலுவலகங்களும் குடியிருப்புகளுமாக மாறிவிட்டது. ஆனால் எந்தத் தெருவில் நின்று தென்மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். 2,668 அடி உயரமுள்ள அந்த மலையைப் பக்தர்கள் இறைவனாகவே காண்கிறார்கள். பக்தியில் பல படிகளில் இருக்கும் எங்களுக்கும், பக்தியே இல்லாத ஓரிருவருக்கும்கூட, காலையில் எழுந்ததும் கண் அங்கேதான் போகிறது. மழை வருமா என்று பார்க்கவும் அதைத்தான் பார்க்கிறோம்.

மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஓடுகிறது. அது இப்போது விளக்கும் நடைமேடையும் கடைகளும் உள்ள தார்ச்சாலை. அதற்கு உள்ளே, மலையடிவாரத்தை ஒட்டிப் புதர்களுக்கும் பாறைகளுக்கும் இடையே செல்வது உள்வழிப் பாதை. ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் கல் பாவிய பாதை ஒன்று, அங்கிருந்து விரூபாட்சி குகை வழியாக ஊருக்குள் இறங்கும் பாதை ஒன்று, தீபத்தன்று கொப்பரையும் நெய்யும் போகும் உச்சிப் பாதை ஒன்று. இவற்றோடு ஆடு மேய்ப்பவர்களும் புல் அறுப்பவர்களும் மட்டுமே அறிந்த பெயரற்ற ஒற்றையடிப் பாதைகள் பல.

இவற்றுள் எதுவும் தானாக உண்டானதன்று. ரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்சி குகையில் இருந்தார். அதற்கு மேலே ஊற்றுக்கு அருகில் இருந்த சரிவைத் திருத்தி, கற்களை அகற்றி, மண்ணைச் சமன்செய்து, பெரும்பாலும் தம் தனி உழைப்பால் ஓர் இருப்பிடத்தை உருவாக்கியவர் கந்தசாமி என்ற அடியவர். ரமணர் 1922 வரை தங்கிய அந்த இடத்துக்கு ஸ்கந்தாசிரமம் என்று பெயர் வந்தது அவரால்தான். அங்கே போய் அமர்ந்து கண் மூடும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கேள்வி. முருகனின் பெயரால் அமைந்தது என்று எண்ணிக்கொள்பவர்களே மிகுதி. சரிவில் மண் சுமந்தவனின் பெயர் கடவுளின் பெயருக்குள் கலந்துவிடுவது ஒரு வகையில் நல்ல முடிவுதான் என்று எங்களுக்குத் தோன்றியதுண்டு.

*

எண்பதுகளில் இம்மலை ஏறக்குறைய மொட்டையாக நின்றது. விறகுக்கு வெட்டு, ஓயாத மேய்ச்சல், கோடைதோறும் தீ என மூன்றும் சேர்ந்து மரங்களை அழித்திருந்தன. மழை பெய்தால் மண் செம்மை நிறத்தில் கரைந்து தெருவுக்கு வரும். எங்களில் இவ்வூரிலேயே பிறந்தவர்களுக்கு அந்த நிறம் நன்றாக நினைவிருக்கிறது.

அந்த நிலையில்தான் இங்கு வாழ்ந்துவந்த அபிதா அருணகிரி என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி, 1987-இல் தம் நாட்டு மழைக்காட்டுத் தகவல் மையத்தின் ஜான் சீட் என்பவருக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். அதன் தொடர்ச்சியாக அண்ணாமலை மறுவனமாக்கல் சங்கம் உருவாயிற்று. நாற்றங்கால்கள் எழுந்தன, உள்ளூர் இளைஞர்கள் பலர் மரம் வளர்க்கும் தொழிலைக் கற்றனர். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலிருந்து தி ஃபாரஸ்ட் வே என்ற அறக்கட்டளை, வனத்துறையுடன் இணைந்து அந்த வேலையைத் தொடர்ந்துவருகிறது. 2009-இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியின் பிள்ளைகளும் நடவுக் காலத்தில் மலைக்கு வருகிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கன்றை ஊன்றி, அடுத்த கோடையை அது தாண்டுமா என்று காத்திருப்பது இந்த மலையின் ஆண்டுச் சடங்குகளுள் ஒன்றாகிவிட்டது. உசிலை, வெப்பாலை, நாவல், புங்கம், இலுப்பை, கருங்காலி என்று இன்று பெயர் சொல்லி நடக்கும் அளவுக்குச் சரிவுகளில் மரம் நிற்கிறது.

நாங்கள் எந்த அமைப்பும் அல்லோம். இரண்டு கல்லூரி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், மின்வாரியத்தில் பணியாற்றும் நண்பர், ஆண்டுக்கு ஆண்டு மாறும் மாணவர்கள் சிலர். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பேர் வந்தால் அது பெருங்கூட்டம். வனத்துறை அனுமதிக்கும் இடத்தில், பெரிய குழுக்கள் கைகாட்டும் வேலையைச் செய்துவிட்டு வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவோம். பௌர்ணமிக்கு மறுநாள் என்றால் வேலை வேறு. தட்டுகளும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் சாக்கு நிறைய.

*

பாதை வேலை என்றால் புதர் வெட்டுவது என்றுதான் வரும்போது நினைத்திருந்தோம். வெட்டுவது எளிய பகுதி. பாதையின் உண்மையான பகை முள் அன்று, தண்ணீர். முள் வழியை மறைக்கும், தண்ணீர் வழியைத் தின்றுவிடும்.

சரிவில் மனிதர் நடந்து நடந்து மண் இறுகி, பாதை சுற்றியுள்ள தரையைவிட ஒரு சாண் தாழ்ந்துவிடுகிறது. மழை வந்ததும் தண்ணீர் அதையே வாய்க்காலாக எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் இது. அதில் பெரும்பங்கு சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இரண்டு பருவம் கவனிக்காமல் விட்டால் பாதை இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஓடை இருக்கும். ஓடைக்குள் நடக்க முடியாமல் மக்கள் ஓரத்தில் நடப்பார்கள், ஓரம் அடுத்த ஓடையாகும். இப்படி ஒரு பாதை மூன்றாகி நான்காகி, சரிவு முழுவதும் காயமாகிவிடும்.

இதற்கு மருந்து மிகப் பழையது. நீண்ட கற்களை எடுத்துப் பாதையின் குறுக்கே, நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி புதைக்க வேண்டும். ஓடிவரும் நீர் கல்லில் முட்டி, பள்ளத்துப் பக்கமாகத் திரும்பிப் புல்லுக்குள் போய்விடும். கல்லின் மேற்பக்கத்தில் மண் சேரும். மழைக்கு முன்னும் பின்னும் அந்த மண்ணை மண்வெட்டியால் வாரி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீர் கல்லைத் தாண்டிக் குதிக்கும். படி வைப்பதிலும் சூட்சுமம் உண்டு. ஒரு படி தொடைக்கு வலி தரும் உயரத்தில் இருந்தால் அதில் யாரும் ஏறமாட்டார்கள், பக்கத்து மண்ணில் ஏறுவார்கள். ஆகவே நல்ல படி என்பது, வயதான ஓர் அம்மாள் யோசிக்காமல் கால் வைக்கும் படி. எங்கள் நில அளவையர் நண்பர் இதற்கு ஓர் இலக்கணம் வைத்திருந்தார். “வேலை முடிந்த பிறகு இங்கே வேலை நடந்தது என்று யாருக்காவது தெரிந்தால், வேலை சரியில்லை” என்பார். நன்கு அமைந்த உரைநடைக்கும் இது பொருந்தும் என்று நாங்கள் அவரிடம் சொல்வதுண்டு. “எனக்கு அதெல்லாம் தெரியாது சார், கல்லைப் பிடிங்க” என்பது அவர் பதிலாக இருக்கும்.

இன்னொரு பாடம், தலையில் புல்லுக்கட்டோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் கிடைத்தது. முள் மூடிய ஒரு கிளைப் பாதையை வெட்டித் திறந்துகொண்டிருந்தோம். அவர் நின்று பார்த்தார். “இன்னா சார், இந்த வழிய எதுக்குத் தொறக்கறீங்க?” என்று கேட்டார். பழைய பாதை பாட்டி, மூடிவிட்டது, சரிசெய்கிறோம் என்றோம். “நாங்க நடக்கிற வரிக்கும் வழியா இருந்துச்சு. இப்ப அந்தப் பக்கம் புல்லு இல்ல, நாங்க போறதில்ல. முள்ளு மூடிக்கிச்சு. வேலை இல்லாத வழிய தொறந்து வெச்சா, வேலை இல்லாதவன்தானே வருவான்?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று அந்தக் கிளைப் பாதையை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பாதை நடப்பவர்களுக்கு உரியது என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் நடப்பு என்பது ஒரே வகையானதன்று. பிழைப்புக்காக நடப்பவர், வேண்டுதலுக்காக நடப்பவர், உடற்பயிற்சிக்காக நடப்பவர், கைப்பேசியில் படம் எடுப்பதற்காக நடப்பவர் என்று நால்வகையினர் இம்மலையில் உண்டு. தன்னார்வலர்களாகிய நாங்கள் திறக்கும் பாதைகளில் பெரும்பாலும் பின்னிரு வகையினருக்கே வசதி கூடுகிறது. தலைச்சுமைக்காரர்களின் பாதைகளை அவர்களின் பாதங்களே காலங்காலமாகப் பார்த்துக்கொண்டன. அவர்களைத் தன்னார்வலர் என்று யாரும் அழைத்ததில்லை.

*

சீரமைத்தல் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாலைக்காரர்களுக்கும் எங்களுக்கும் பொதுவான சொல் அது. 2016-ஆம் ஆண்டு கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது ஊரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது, தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் தலையிட்டது. அகலப்படுத்துவோர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சித்திரைப் பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் லட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் நடக்கும் வழி அது. நெரிசலில் ஒரு குழந்தை விழுந்தால் யார் பொறுப்பு என்று அவர்கள் கேட்டார்கள். நிழல் இல்லாத அகலத்தால் யாருக்கு நன்மை என்று மறுதரப்பினர் கேட்டார்கள். இரு கேள்விகளும் உண்மையானவை.

எங்களுக்கு அந்த நாட்களில் தெளிவானது ஒன்றுதான். சாலை, வருபவர்களின் எண்ணிக்கைக்கேற்ப நிலத்தை மாற்றுகிறது. பாதை, நிலத்துக்கேற்ப வருபவர்களை மாற்றுகிறது. ஒற்றையடிப் பாதையில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி நின்றாக வேண்டும். அந்த ஒதுங்கலை நீக்குவதற்குப் பெயர் வசதி. அந்த ஒதுங்கலைக் காப்பதற்கு என்ன பெயர் என்று தமிழாசிரியர்களாகிய எங்களுக்கே தெரியவில்லை. ஆனால் நாங்கள் செய்ய விரும்பியது அதைத்தான்.

இதில் ஒரு முரண் எங்களை விடாமல் தொடர்ந்தது. எந்தப் பாதையை நன்றாகச் செப்பனிடுகிறோமோ அதில் கூட்டம் கூடுகிறது. கூட்டத்தோடு பிளாஸ்டிக் வருகிறது, அணைக்காத பீடித் துண்டு வருகிறது, பாறையில் பெயர் எழுதும் வண்ணமும் வருகிறது. நாங்கள் புதைத்த கல்லின் மீது யாரோ சாம்பிராணி கொளுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சுற்றிலும் காய்ந்த எலுமிச்சம்புல், மாதமோ பங்குனி. அந்தப் புல்லில் எண்ணெய் உண்டு. பற்றினால் மலைச்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஈடுகொடுக்க முடியாது.

*

ஆகவே தீயைப் பற்றிப் பேசாமல் இம்மலையின் பாதைகளைப் பற்றிப் பேச முடியாது. தை, மாசி மாதங்களில், புல் முழுதும் காய்வதற்கு முன்பு, சரிவில் நீண்ட பட்டைகளாகப் புல்லை அறுத்து அகற்றி மண்ணைத் தெரியவைப்பார்கள். ஒரு பக்கம் பற்றிய தீ அந்த வெற்று மண்ணைத் தாண்ட முடியாமல் நின்றுபோகும், அல்லது தடுமாறும். தடுமாறும் அந்தச் சில நிமிடங்களில் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து அணைக்க வேண்டும். நள்ளிரவில் அழைப்பு வந்து, தலைவிளக்கு மாட்டிக்கொண்டு ஏறும் இளைஞர்கள் இவ்வூரில் இருக்கிறார்கள். நெருப்பை நெருங்கி நிற்பதற்கு எங்கள் வயதும் மூச்சும் இடம் தருவதில்லை. கீழே நின்று தண்ணீர்க் கேன்களைத் தூக்கிக் கொடுப்பதும், மாசியில் புல் அறுப்பதும் எங்கள் பங்கு.

தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்தப் பட்டை ஒரு பாதை போலவே தெரியும். அதில் போய்ப் பார்க்க ஒன்றுமில்லை, அது எந்தக் குகைக்கும் சுனைக்கும் இட்டுச் செல்வதில்லை. ஒருவரும் நடக்கக்கூடாது, நெருப்பும் நடக்கக்கூடாது என்பதற்காக வெட்டப்படும் வழி அது. அப்படி ஒரு வழியை ஆண்டுதோறும் வெட்டுவதும், அடுத்த மழையில் புல் அதை மூடிவிடுவதும், மறுபடி வெட்டுவதும் தொடர்கின்றன.

இதை நாங்கள் பெரிதாக எண்ணத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. உள்வழிப் பாதையில் பொதுமக்கள் செல்வதை வனத்துறை நிறுத்திய காலத்தில் எங்கள் சிறு குழுவுக்குள் பெரிய பிளவு ஏற்பட்டது. நில அளவையர் நண்பர் மிகவும் மனம் நொந்தார். அவர் ஐம்பது ஆண்டுகளாக நடந்த வழி அது. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் நடந்தவர், பிறகு பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். “நடக்கக் கூடாத வழிக்கு எதற்கு சார் நாம் கல் பதிக்கணும்? நம்மைத் திருடன் மாதிரி பார்க்கிறாங்க. பூட்டின வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பாங்களா?” என்று கேட்டார். அவர் கேள்வியில் கோபத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. தவறு செய்தவர்கள் வேறு யாரோ, தண்டனை எல்லோருக்கும் என்ற எண்ணம் எங்கள் பலருக்கும் இருந்தது.

மறுபக்கம் பேசியவர் எங்களில் இளையவராகிய ஒரு விலங்கியல் ஆசிரியர். “ஐயா, நீங்கள் ஐம்பது வருஷம் நடந்த வழி. அந்த மரங்களுக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. அவை வளர்கிறவரை நாம் வெளியே நின்றால் என்ன குறைந்துவிடும்?” என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் சரியான பதில்கள் எல்லாக் காலத்திலும் ஆறுதல் தருவதில்லை. நில அளவையர் அதன்பின் எங்களோடு வருவதை நிறுத்திக்கொண்டார். வெளிப்பாதையில் பௌர்ணமிதோறும் நடக்கிறார். எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பார், கல்லைப் பற்றிக் கேட்கமாட்டார்.

*

2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தனர், அவர்களில் ஐவர் குழந்தைகள். அந்த நாட்களில் ஊரில் யாரும் உரத்துப் பேசவில்லை. புவியியல் வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்தார்கள். டிசம்பர் 13-ஆம் நாள் மகாதீபம் ஏற்றப்பட்டது. ஆனால் அவ்வாண்டு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரையையும் நெய்யையும் கொண்டுசெல்ல வேண்டியவர்கள் மட்டுமே சென்றார்கள். தீபம் ஏற்றும் உரிமையுடைய பர்வதராஜ குலத்தார் ஏறிய அந்த வழி, வழக்கமாக ஆயிரக்கணக்கானோர் முண்டியடிக்கும் வழி, அன்று ஏறக்குறைய வெறுமையாக இருந்தது.

அந்த விபத்து எங்கள் வேலையையும் மாற்றிவிட்டது. சரிவில் கிடக்கும் ஒரு கல்லை நாங்கள் முன்பு கல்லாக மட்டுமே பார்த்தோம். இது படிக்கு ஆகுமா, குறுக்கணைக்கு ஆகுமா என்பதே கேள்வியாக இருந்தது. அந்தக் கல் தனக்கு மேலே உள்ள எதையோ தாங்கிக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணம் இப்போது எங்கள் கைகளுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அறிந்தவர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லாமல் செங்குத்தான இடங்களில் எந்தக் கல்லையும் நாங்கள் பெயர்ப்பதில்லை, எந்தத் தண்ணீரையும் திருப்புவதில்லை. பாதையிலிருந்து விலக்கிய நீர் எங்கே போகிறது, யார் வீட்டுக்கு மேலே போய்த் தேங்குகிறது என்று கடைசிவரை நடந்து பார்த்த பிறகே மண்வெட்டியை எடுக்கிறோம். ஆர்வம் மட்டும் போதாத வேலைகளும் இருக்கின்றன என்பது அந்த ஏழு உயிர்களின் பெயரால் எங்களுக்கு நினைவூட்டப்பட்டிருக்கிறது.

செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ‘செங்கம் நடுகற்கள்’ என்று 1972-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை ஒரு நூலே வெளியிட்டது. மலைபடுகடாத்துக் கூத்தனும் வழியில் நடுகற்கள் நிற்பதைச் சொல்கிறான். போரில் மாண்டவர்க்கும் ஆநிரை மீட்டு மாண்டவர்க்கும் வழியோரத்தில் கல் நட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்குக் கல் நடுவார் யாரும் இல்லை. சரிவில் நீர் எந்த வழியில் போகும் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடிய மரியாதை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

*

ஆகவே, நடக்கத் தடை உள்ள பாதைக்கு ஏன் உழைக்க வேண்டும் என்ற நண்பரின் கேள்விக்குப் பதில் தேடி நாங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. புல் முடிபவன் அந்த வழியில் திரும்பி வரப்போவதில்லை. அதியமானின் கல்லில் குழி வெட்டியவனுக்கு எழுத்துத் தெரியும், அந்தக் குழி அவனுக்குத் தேவைப்படவில்லை. கந்தசாமி சரிவைத் திருத்தியது தாம் குடியிருப்பதற்காக அன்று. வழியைப் பேணியவர்களும் வழியை அனுபவித்தவர்களும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற விதி எந்தக் காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்படிச் சொல்வதால் நடக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று பொருள் இல்லை. உள்வழிப் பாதை ஒருநாள் திறக்கப்பட வேண்டும் என்றே விரும்புகிறோம். அளவோடு, முன்பதிவோடு, வழிகாட்டியோடு, கோடை மாதங்களைத் தவிர்த்துத் திறக்கலாம் என்பது எங்கள் எண்ணம். புல் அறுக்கும் பெண்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் கேட்டு அந்த விதிகளை வகுத்தால் இன்னும் நல்லது. மலையை அவர்களைவிட நுட்பமாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. திறக்கப்படும்வரை அது ஓடையாகிவிடாமல் இருக்க வேண்டும் அல்லவா?

வரும் மாசியில் தீத்தடுப்புப் பட்டைக்குப் புல் அறுக்க வேண்டும். அரிவாள்கள் ஐந்து இருக்கின்றன, இரண்டுக்குப் பிடி மாற்ற வேண்டும். மாணவர்கள் நால்வர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இருவர் வந்தால் போதும். அந்தப் பட்டை எங்கே வளைந்து எங்கே இறங்க வேண்டும் என்று மட்டம் பார்த்துச் சொல்ல, சரிவின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார். நில அளவையரைப் போய்க் கேட்கலாம் என்று விலங்கியல் ஆசிரியர்தான் முதலில் சொன்னார்.